துரைராஜ் கோபித்துக்கொண்டு போன கதை

மாடம்பாக்கத்தில் துரைராஜ் காணாமல் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆள்தான் கிடைக்கவில்லை, காரணம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. தெருவில் தலைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பால் வாங்கப் போனால் ஒரு காரணம் சொல்வார்கள், மாவு அரைக்கப் போனால் இன்னொன்று சொல்வார்கள். இவற்றில் பாதியாவது உண்மை என்றால் அந்த மனுஷன் ஐந்தாறு தடவை காணாமல் போயிருக்க வேண்டும்.

அவருடைய மனைவி அங்காளம்மாள் எல்லோர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். கடைசியில் தன் காரணத்தைச் சொல்வாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எம்மேல கோச்சிக்கினு போய்ட்டாரு. அவ்ளோதான்."

"சேச்சே, அவராவது உம்மேல கோச்சிக்கிறதாவது!" என்று யாராவது ஆறுதல் சொன்னால்தான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். "உனுக்குத் தெரியுமா? நீ இருந்து பாத்தியா?" என்று எரிந்து விழுவாள். சமாதானம் சொல்லப் போனவர்கள் சண்டை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள இப்படி அடம்பிடிக்கும் பெண்பிள்ளையை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

துரைராஜைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கலே. அப்பா கன்னியப்பன் காலத்தில் நெல் விளைந்த நிலம் பிளாட் பிளாட்டாகப் போனது. தன் பங்குக்கு வந்ததில் துரைராஜ் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு போர்ஷன் கட்டி, ஒன்றில் குடியிருந்து மூன்றை வாடகைக்கு விட்டார். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர், கம்பெனியை மூடிய பிறகு 'ஹவுஸ் ஓனர்' என்பதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டார். அந்த உத்தியோகத்தில் ஒரே ஒரு வேலைதான். காலையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மோட்டார் ரூமின் கிரில் கேட்டைத் திறந்து சுவிட்சைப் போடுவார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி ஏறுதா?" என்று மேலே பார்த்துக் கத்துவார். மாடியில் குடியிருக்கும் ஈவ்லின் டீச்சர், "ஏறுது அங்கிள்" என்பார். தினமும் ஏறுகிற தண்ணீர்தான். தினமும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் அந்தப் பதில் வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

அவருக்கு ஆசை என்று இருந்தவை இரண்டு. ஒன்று கல்யாண வீடு, இன்னொன்று கோபித்துக்கொள்வது. இரண்டும் சேர்ந்தே வரும். வீட்டுக்குப் பத்திரிகை வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து மேலாகப் படிப்பார். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று பேர் போடும் இடம் அங்கேதானே இருக்கிறது? மாப்பிள்ளை யார், முகூர்த்தம் எப்போது என்பதெல்லாம் அப்புறம். ஒரு தடவை, வயசில் சிறிய பங்காளி ஒருவன் பேருக்குக் கீழே இவர் பேரைப் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போனார், அட்சதை போட்டார், மொய் எழுதினார், முன்வரிசையில் உட்கார்ந்தார். பந்திக்கு மட்டும் போகவில்லை. மண்டபமே கூடிக் கெஞ்சியும் அசையாமல், வீட்டுக்கு வந்து பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த திருப்தியை அங்காளம்மாள் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை.

இன்னொரு வீட்டில் பேரையே விட்டுவிட்டார்கள். அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஆறு மாசம் சிவன் கோயிலைச் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தார். "உன் கோவத்தால உனுக்குப் புண்ணியமாவது சேருதுய்யா" என்று அங்காளம்மாள் கேலி செய்தாள்.

கேலிதான் அந்த வீட்டின் பாஷை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கொஞ்சிப் பேசி யாரும் கேட்டதில்லை. கிண்டல் செய்யாத நாளையும் யாரும் கண்டதில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தக் கூத்து நடந்தது. தம்பி ஏகாம்பரத்தின் மகன் விக்கிக்கு ஆனி மாசம் கல்யாணம். பத்திரிகை அடித்தது கேம்ப் ரோட்டில் பிரஸ் வைத்திருக்கும் சாலமன். மேலே, காலமான தாத்தா பாட்டி பேருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட வேண்டும். போட்டான். அதே எழுத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கீழே வைக்கும்போது, பெரியப்பா துரைராஜ் பேருக்கு முன்னாலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. புரூப் ஏகாம்பரத்தின் போனுக்கு வந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். உயிரோடு மோட்டார் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், ஐந்நூறு பத்திரிகையில் தெய்வமாகிவிட்டார்.

ஊர் நடுங்கிப்போயிற்று. பேர் இரண்டு அங்குலம் கீழே இறங்கியதற்கே கல்யாணச் சாப்பாட்டை விட்டவர். ஆளையே மேலே அனுப்பிவிட்டால் என்ன செய்வார்? ஏகாம்பரமும் அவர் மனைவி ஹேமாவதியும் தட்டில் பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தார்கள். துரைராஜ் பத்திரிகையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. காபி வேண்டுமென்றால், "தெய்வத்திருவுக்கு ஒரு டம்ளர் காபி" என்பார். கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னால், "செத்தவன்கிட்ட வேல வாங்கறியே, பாவமில்ல?" என்பார். விக்கியின் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தார். கேட்டவர்களிடம், "அது ஆளுக்கு, இது ஆவிக்கு" என்றார்.

அப்புறம் ஆடி அமாவாசை வந்தது. மாமனார் மாமியாருக்குப் படைக்க வேண்டும். வாழையிலை வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அவரை அனுப்பும்போதுதான் அங்காளம்மாள் அதைச் சொன்னாள்.

"செத்தவங்களுக்குப் படைக்கிற நாளு. உனுக்கும் சேத்து ஒரு எல வாங்கிக்கினு வாய்யா."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "எனுக்கு வட ரெண்டு சேத்து வையி" என்றார். மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். செல்போன் சார்ஜில் கிடந்தது. போனவர் வரவில்லை.

வாழையிலை விற்கிற அம்மாவுக்கு அவர் வந்தது நன்றாக நினைவிருந்தது. "இதுல ஒண்ணு எனுக்கும்மான்னு சிரிச்சிக்கினே வாங்கிப்போனாரு" என்றாள். இலைக் கட்டோடு ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறியதைப் பூக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். மேற்கிலிருந்து கிழக்கே இறங்கினால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இறங்கியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிகளில் தேடியாயிற்று. ரயில்வே போலீசிலும் கேட்டாயிற்று. எங்கும் ஒன்றும் இல்லை. நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"கடன் ஏதாவது?"

"இல்ல சார்."

"குடிப்பாரா?"

"காபிதான் சார்."

"வேற ஏதாவது பழக்கம்... மறைக்காம சொல்லுங்க."

"கல்யாண வூட்டுக்குப் போவாரு சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார். "எதுவுமே இல்லாத மனுஷன் எதுக்கும்மா வீட்டை விட்டுப் போவாரு?" என்றார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"கோவம் சார். எம்மேல. நான்தான் அப்படிப் பேசிட்டேன்."

அவர் நிம்மதியாகக் 'குடும்பத் தகராறு' என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஊர் கோதாவில் இறங்கியது. அண்ணன் சாமியாராகிவிட்டார் என்றார் ஏகாம்பரம். "அவருக்கு உள்ளுக்குள்ள பக்தி அண்ணி, வெளிய காட்டிக்க மாட்டாரு. திருவண்ணாமலைலதான் இருப்பாரு" என்றார். துரைராஜின் பக்தி எப்படிப்பட்டது என்பது அங்காளம்மாளுக்குத் தெரியும். திருநீர்மலைக்குக் குடும்பத்தோடு போனால் எல்லோரையும் மலையேற அனுப்பிவிட்டு, செருப்புக்குக் காவல் என்று அடிவாரத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர் அவர். ஆனாலும் ஏகாம்பரம் அண்ணனைத் தேடி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நண்பர்களோடு வேன் பிடித்துப் போனார். கிரிவலம் வந்து, நல்ல ஓட்டலில் டிபன் சாப்பிட்டு, அண்ணன் இல்லாமல் திரும்பி வந்தார். சாமியார் என்றாகிவிட்டால், போனில் அனுப்பிய கட்டைவிரலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் அல்லவா?

ஹேமாவதிக்குச் சந்தேகம் வேறு விதம். "ஆம்பளைங்கள நம்ப முடியாதுக்கா, எங்கனா ஒரு குடும்பம் இருக்கும்" என்றாள். சொல்லும்போது அவள் கண் தன் வீட்டுக்காரர் மேலேயே இருந்தது. அடுத்த மாசத்திலிருந்து ஏகாம்பரத்தின் பௌர்ணமி வேனில் அவளும் ஏறிக்கொண்டாள்.

ஈவ்லின் டீச்சர் ஞாபகமறதி நோய் என்றார். அவர் நல்லவர். தன் செலவில் போஸ்டர் அடித்துத் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஒட்டினார். துரைராஜிடம் இருந்த போட்டோக்கள் எல்லாமே கல்யாண வீடுகளில் எடுத்தவை. அதனால் 'காணவில்லை' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, நெற்றியில் சந்தனமும் வாய் நிறைய லட்டுமாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் போஸ்டரைப் பார்த்ததும் முதலில் சிரித்தார்கள். அப்புறம்தான் படித்தார்கள்.

சாலமன் பாடுதான் பாவம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எல்லோரும் சொன்னாலும், தன் ஒரு வரிதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று அவன் நம்பினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினான். அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகை வந்தாலும் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு, "உங்க தாத்தா இருக்காரா சார்?" என்று கேட்பான். இருக்கிறார் என்றால் விடமாட்டான். "இப்பவும் இருக்காரா?" என்பான். இதனால் சில ஆர்டர்கள் கைவிட்டுப் போயின.

அங்காளம்மாள் தன் காரணத்திலிருந்து நகரவே இல்லை. கேலிக்குக் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். சிவன் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனாரே, அதுபோல இப்போது கொஞ்சம் பெரிய சுற்று. எந்தக் கோபமும் ஒருநாள் தணியும். நெற்றி நிறைய குங்குமம் வைத்துக்கொண்டாள். காலையில் அவளே மோட்டார் போட்டாள். "தண்ணி ஏறுதா?" என்று அவள் கேட்பதில்லை, அது அவருடைய கேள்வி. அமாவாசைக்கு மாமனார் மாமியாருக்கு மட்டும் இலை போட்டாள். வடை சுடுவதை மட்டும் விட்டுவிட்டாள். வடை இல்லாத படையலா என்று ஹேமாவதி கேட்டதற்கு, எண்ணெய் உடம்புக்கு ஆகாது என்றாள்.

இந்த வருஷம் அவள் மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை தீனா கேளம்பாக்கத்துப் பையன். இரண்டு பேருக்கும் ஓஎம்ஆரில் ஒரே கம்பெனியில் வேலை. தை மாசம் முகூர்த்தம் குறித்தார்கள். பத்திரிகை அடிக்க வேண்டும் என்றதும்தான் எல்லோருக்கும் அது உறைத்தது. பெண்ணின் அப்பா பேரை எப்படிப் போடுவது?

மாப்பிள்ளையின் அம்மா சுபத்ரா தங்கமான மனுஷி. தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. 'திரு'ன்னு போட்டா, தாரை வார்க்க அவரு எங்கன்னு எங்காளுங்க கேப்பாங்க. 'தெய்வத்திரு'ன்னு போட்டா, நீங்க குங்குமத்தோட நிக்கறத ஒரு மாதிரி பேசுவாங்க. எனக்கு ரெண்டும் சம்மதம்தான். எதுனா ஒண்ண நீங்களே சொல்லிடுங்க."

சத்யபிரியா, "பேரே போட வேணாம்மா. என் பேருக்கு முன்னாடி 'து' இருக்கே, அது போதும். அது உயிரோட இருக்கா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அப்பா பெண் அல்லவா? சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏகாம்பரம் மட்டும் தெளிவாக இருந்தார். "அண்ணி, மூணு வருஷமா அவருக்கு எல போடாம இருக்கறதே பாவம். 'தெய்வத்திரு'ன்னே போட்டுடலாம்" என்றார்.

"போன தபா திருவண்ணாமலைல இருக்காருன்ன?"

"தேடிப் பாத்தாச்சே."

"கோச்சிக்கினு போனவரு வருவாரு."

"அண்ணி, அவரு கோச்சிக்கவே இல்ல. நானும்தான பாத்தேன்? அந்தப் பத்திரிகைக்கு உழுந்து உழுந்து சிரிச்சாரு. உன் பேச்சுக்கும் சிரிச்சிக்கினேதான் போனாரு. கோவமே இல்லாதவரு ஏன் வூட்ட உட்டுப் போவணும்? போவணும்னு போவலன்னா..."

ஏகாம்பரம் அங்கே நிறுத்திக்கொண்டார். மோசமான ஆள் இல்லை. வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது வாயில் வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அங்காளம்மாளுக்கு அது மூன்று வருஷமாகத் தெரியும். அவள் ராத்திரியும் பகலும் காவல் காத்தது அந்த வாக்கியத்தைத்தான். கோபம் இருந்தால், போனது அவராகப் போனது. அவராகப் போனவருக்குத் திரும்பி வரவும் தெரியும். கோபம் இல்லை என்றால், இலைக் கட்டோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனுஷனுக்கு வழியில் என்னவோ ஆகிவிட்டது. நல்லவர்கள் எல்லோரும் அவள் பழியைத் துடைக்க வந்தார்கள். துடைக்கத் துடைக்க அவர் தேய்ந்துகொண்டே போனார்.

"நாளைக்கி நானே பிரஸ்ஸுக்குப் போறேன்" என்றாள்.

மறுநாள் காலை சத்யபிரியா ஸ்கூட்டரில் அம்மாவைக் கேம்ப் ரோட்டில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனாள். சாலமன் அங்காளம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். கம்ப்யூட்டரில் பத்திரிகை தயாராக இருந்தது. அப்பா பேருக்கு முன்னால் மட்டும் இடம் விட்டிருந்தான்.

"அக்கா, இன்னா போடணும்னு சொல்லு. நீ சொல்றததான் போடுவேன். மூணு தபா படிச்சிக் காட்டுவேன்."

அங்காளம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிடத்தில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் சாலமன். "உம்மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு கீற. மனசு கேக்கல. போலீஸ் கேஸுன்னு பயந்துக்கினு இத்தினி நாளா நான் சொல்லல."

"இன்னாது?"

"அமாவாசைக்கு மொத நாளு சாய்ங்காலம் அண்ணன் இங்க வந்தாரு. திட்டப்போறாருன்னு நடுங்கிக்கினு நின்னேன். தோ, அந்தச் சேர்லதான் உக்காந்தாரு. விக்கி பத்திரிகை மிச்சம் இருந்தா குடுடான்னாரு. ஒரு கட்டு குடுத்தேன். 'ஃப்ரெண்ட்ஸ்ங்களுக்கு நீட்டணும்டா, செத்துட்டேன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டறான்'னு சிரிச்சாரு. எங்கூட டீ குடிச்சாரு. போவச்சொல்ல, 'சத்யா கல்யாணத்துக்கு நீதாண்டா அடிக்கணும். அன்னிக்கி நான் வந்து பக்கத்துலயே உக்காந்துக்கினு ஒவ்வொரு பேரா பாத்துதான் ஓகே சொல்லுவேன்'னாரு. கோவமே இல்லக்கா. ஒரு துளி கூட இல்ல. உன்னியப் பத்திகூடச் சொன்னாரு. 'எங்க வூட்ல இன்னும் கலாய்ச்சிக்கினே கீறா, நல்லாத்தான் கீது'ன்னாரு."

சொல்லி முடித்ததும் சாலமனுக்கு மூன்று வருஷப் பாரம் இறங்கியது. ஒரு புண்ணியம் செய்துவிட்ட முகத்தோடு அங்காளம்மாளைப் பார்த்தான்.

டீ வந்து ஆடை கட்டியது. 'நல்லாத்தான் கீது' என்றாராம். முப்பது வருஷத்தில் அவளிடம் நேராக ஒரு நாளும் சொன்னதில்லை, பிரஸ்காரனிடம் சொல்லியிருக்கிறார். கேட்க எவ்வளவு ஆசையாக இருந்ததோ, அவ்வளவு பயமாகவும் இருந்தது. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் குறித்து, பக்கத்தில் வந்து உட்காருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் எதற்காகப் போவார்? ஒரு கையில் அவரைக் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்கிக்கொண்டான் இந்தப் பிள்ளை. அது அவனுக்குத் தெரியவும் தெரியாது.

சத்யபிரியா உள்ளே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றாள். சாலமன் அவளிடமும் சொல்ல வாயெடுத்தான்.

"சாலமா" என்றாள் அங்காளம்மாள். "உனுக்கு அவரத் தெரியாது. கோவம் அதிகமாயிட்டா அவரு அப்டித்தான் சிரிப்பாரு."

"இல்லக்கா, நெசமாவே..."

"நீ கட்டிக்கினு குடும்பம் பண்ணியா, நான் பண்ணேனா?"

சாலமன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த வாதத்தில் அவன் ஜெயிக்க வழியில்லை. சத்யபிரியா ஒருமுறை அவனைப் பார்த்தாள், ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். அப்பா கோபத்தில் என்றைக்கும் சிரித்ததில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பழைய சோறு சாப்பிடுவார். அம்மாவின் பக்கத்தில் வந்து அவள் தோளில் கையை வைத்தாள்.

"ஆமாண்ணா" என்றாள். "அப்பாவுக்குக் கோவம் வந்தா சிரிப்புதான் வரும். 'திரு'ன்னே போடுங்க."

"அங்க மட்டும் இல்ல" என்றாள் அங்காளம்மாள். "கீழ, 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போடுவல்ல, அங்கயும் அவரு பேரப் போடு. மொதல்ல அவரு, அப்பால நான். சின்ன எழுத்துல போட்டுடாத. அதுக்கும் கோச்சிக்கப்போறாரு."

சாலமன் அடித்தான். சொன்னபடி மூன்று தடவை உரக்கப் படித்துக் காட்டினான். பக்கத்தில் காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைப் பார்க்காமல் இருக்க அவனும் அங்காளம்மாளும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

பத்திரிகை வந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சிவன் கோயிலில் வைத்தார்கள். பிறகு வீடு வீடாக அலைச்சல். சொந்தக்காரர்களுக்கு நேரில் கொடுப்பதுதான் மரியாதை. போகிற நேரத்தில் வீடு பூட்டியிருந்தால், பத்திரிகையைக் கிரில்லில் செருகிவிட்டு வரலாம், வந்து பார்த்துக்கொள்வார்கள். அதுவும் முறைதான், யாரும் குற்றம் சொல்வதில்லை. ஏகாம்பரம் தன் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாகப் படித்தார். 'திரு. க. துரைராஜ்' என்ற இடத்தில் சற்று நேரம் விரலை வைத்திருந்தார். முகூர்த்தத்தன்று தாரை வார்க்க மணையில் உட்காரப் போகிறவர் அவர்தான். "அண்ணன் வர்ற வரைக்கும் உக்கார்றேன் அண்ணி" என்று மட்டும் சொன்னார்.

கடைசிச் சுற்றும் முடித்து வீடு திரும்பிய அன்று சாயங்காலம் பையில் ஒரு பத்திரிகை மிச்சம் இருந்தது. அங்காளம்மாள் அதில் குங்குமம் வைத்தாள். மாடிப்படிக்கு அடியில் போனாள். பிளாஸ்டிக் நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது. மோட்டார் ரூம் கிரில் கேட்டின் கம்பி இடுக்கில் பத்திரிகையைச் செருகினாள். கீழே விழுந்துவிடாமல் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

மேலே துணி எடுத்துக்கொண்டிருந்த ஈவ்லின் டீச்சர் எட்டிப் பார்த்து, "யாருக்கு ஆன்ட்டி?" என்றார்.

"ஆளு வூட்ல இல்ல டீச்சர். வந்தா பாத்துக்குவாரு" என்றாள் அங்காளம்மாள்.

டீச்சர் உள்ளே போன பிறகும் அங்கேயே நின்றாள். பிறகு கிரில்லைப் பார்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, பழைய குரலில் சொன்னாள்.

"போட்டாச்சு உன் பேர, ரெண்டு எடத்துல. இதுக்கும் வரலன்னா, இந்தத் தபா நான் கோச்சிக்குவேன்யா."